வெயில் காணாத கொடி

என் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கிறது. உள்ளே அடிவரை பிதுக்கி எடுத்த களிம்பு டியூப்கள் 11. இதையெல்லாம் எதற்குச் சேர்த்து வைத்திருக்கிறாய் என்று அறைத்தோழி மூக்கைச் சுளித்தாள். ரசீது தொலைந்துபோனது, கணக்குக்கு வேண்டும் என்றேன். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்கு வேறென்ன சொல்லத் தெரியும். ஒரு டியூப் சராசரியாக 115 ரூபாய் என்று வைத்தால் 1,265. பவுடர் டப்பா நான்கு, 640. 'அந்தரங்கப் பகுதிக்கான' திரவ சோப்பு மூன்று பாட்டில், 720. லேஸ் வைத்த உள்ளாடை செட் 2,150, மூங்கில் நார் உள்ளாடை என்று ஏமாந்தது 1,899. என்னைப் பார்க்காமலே மருந்து எழுதிய மருத்துவருக்கு இரண்டு தடவையில் 800, அவர் எழுதிய மாத்திரைகள் 560. கூட்டிப் பார்த்தால் 8,034 ரூபாய், ஒரு பைசாவும் பிரயோஜனம் இல்லாமல். பிறகு சரியான வைத்தியத்துக்கு ஆன 6,750 தனி. தொடை இடுக்கில் வந்த ஒரு படர்தாமரைக்கு, தோலில் வட்டமாகப் படரும் ஒரு பூஞ்சைத் தொற்றுக்கு, இவ்வளவு. ஏழு மாதம் தூங்காததற்கும் ஆறு நாள் விடுப்பு எடுத்ததற்கும் நான் இன்னும் கணக்கு எழுதவில்லை.

தொடங்கியது தொடையில் இல்லை, காலில். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப் போட்டபோது நான் வேளச்சேரியில் ஒரு பெண்கள் விடுதியில் இருந்தேன். தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர், சாக்கடையும் மழையும் கலந்தது. மின்சாரம் இல்லை. பால் வாங்கவும் குடிநீர் கேன் தூக்கவும் அந்தத் தண்ணீரில்தான் நாலைந்து நாள் நடந்தோம். கால் விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறித் தோல் உரிந்தது. சேற்றுப்புண். மழைக்காலத்தில் சேற்றுப்புண் வராத கால் எங்கே இருக்கிறது என்று மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் தடவிவிட்டு அதை மறந்துவிட்டேன். மறந்ததுதான் முதல் தப்பு. அது போகவில்லை, ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது தப்பு கொடி. எங்கள் விடுதி மொட்டைமாடிப் படிக்கட்டில், உள்ளாடைகளை மாடியில் உலர்த்தக்கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஆண்கள் குடியிருக்கிறார்களாம். ஆகவே குளியலறைக் கதவின் பின்னால் ஒரு கயிறு, அதில் நான்கு பேருடைய உள்ளாடைகள், அவற்றின் மேல் நான்கு துண்டுகள். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தக் காகிதம் இல்லாவிட்டாலும் நான் மாடியில் போட்டிருக்கமாட்டேன். வயதுக்கு வந்த வருடமே அம்மா கற்றுக் கொடுத்த பாடம் அது: முதலில் ஜட்டி, அதன் மேல் பாவாடை, அதற்கும் மேல் துண்டு. என் 29 வயது வரை என் உள்ளாடை எதுவும் நேராக வெயிலைக் கண்டதில்லை. அந்த டிசம்பரில் மூன்று நாள் தொங்கினாலும் எலாஸ்டிக் பட்டையில் ஈரம் இருக்கும், முகர்ந்தால் மூடி வைத்த பழைய சோற்றுப் பானையின் வாசனை வரும். உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும் என்று அப்படியே போட்டுக்கொண்டு, மேலே இறுக்கமான ஜீன்ஸும் மாட்டிக்கொண்டு, பறக்கும் ரயிலைப் பிடித்து மயிலாப்பூர் அலுவலகத்துக்குப் போய், ரெக்சின் நாற்காலியில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். பூஞ்சைக்கு யாராவது வீடு கட்டிக் கொடுக்க நினைத்தால் இதைவிட நல்ல இடம் அமையாது.

பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் வலது தொடை இடுக்கில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் சிவப்பு வட்டம். ஓரம் மட்டும் தடித்து, நடுவில் தோல் சாதாரணமாக இருந்தது. பகலில் லேசாகத்தான் அரிக்கும், இரவில் விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். சொறியச் சொறிய ஒரு சுகம், நிறுத்தியதும் எரிச்சல். இதை எழுதக்கூடக் கூச்சமாக இருக்கிறது. அன்று யாரிடமும் சொல்ல முடியவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் ஆண்கள் எல்லோரும் போகும்வரை காத்திருந்து, "அரிப்புக்கு ஒரு க்ரீம்" என்றேன். எங்கே அரிப்பு, எத்தனை நாளாக என்று கடைப் பையன் கேட்கவில்லை. கேட்காததற்கு அவனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன். ஒரு டியூப்பை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான். பூசிய இரண்டாம் நாள் அரிப்பு நின்றது, நான்காம் நாள் சிவப்பு மறைந்தது. கைகண்ட மருந்து என்று நினைத்தேன். நிறுத்திய பத்தாம் நாள் வட்டம் திரும்பி வந்தது, இந்த முறை உள்ளங்கை அளவில், இடது பக்கத்தையும் சேர்த்துக்கொண்டு. மறுபடி டியூப், மறுபடி நிம்மதி, மறுபடி இன்னும் பெரிய வட்டம். இப்படியே 11.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன், ஏனென்றால் யாராவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். டியூப்பின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று படியுங்கள். என்னுடையதில் மூன்று மருந்துகள் கலந்திருந்தன. ஒன்று பூஞ்சைக்கு, ஒன்று பாக்டீரியாவுக்கு, மூன்றாவது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் பூஞ்சையோடு உடம்பு போடுகிற சண்டையின் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. நமக்கு நிம்மதி, பூஞ்சைக்குத் திறந்த வீடு. தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று மத்திய அரசு 2018-இலேயே உத்தரவு போட்டுவிட்டது. தோல் மருத்துவர்களின் சங்கமும் வருடக்கணக்காக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் மாலை ஏழு மணிக்கு ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டு அரிப்புக்கு க்ரீம் கேட்டால், எந்தச் சீட்டும் இல்லாமல் அது கைக்கு வந்துவிடுகிறது. கேட்ட எனக்கும் அதில் பங்கு உண்டு என்பதை மறைக்கவில்லை.

மார்ச் மாதம் வேறொரு பயம் சேர்ந்தது. என் கறுப்பு ஜட்டிகளின் நடுவில், இரட்டைத் துணி வைத்துத் தைத்திருக்கும் இடத்தில், சாயம் போய்ச் செம்பட்டையாக இருப்பதைக் கவனித்தேன். உள்ளே ஏதோ பெரிய நோய் வந்துவிட்டது, அது துணியையே அரிக்கிறது என்று முடிவு கட்டினேன். அதற்குத்தான் அந்த மூன்று பாட்டில் திரவ சோப்பு. பிற்பாடு மருத்துவரிடம் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார். பெண்ணுறுப்பின் உள்பகுதி இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது, பி.எச். அளவு 3.8 முதல் 4.5 வரை இருக்கும், அந்தக் கசிவு பட்டால் கறுப்புச் சாயம் வெளிறும், அது ஆரோக்கியத்தின் அடையாளம் என்றார். நாற்றம், தயிர் போன்ற திட்டு, பச்சை நிறம், எரிச்சல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டுமாம். வாசனைத் திரவம் போட்டுக் கழுவினால் அந்த அமிலமும் போய், இல்லாத நோயும் வரும். வெளிப்பகுதிக்குத் தண்ணீர் போதும். எத்தனை பெண்கள் இந்த வெளிறிய திட்டைப் பார்த்துத் தனியாகப் பயந்துகொண்டிருக்கிறார்களோ என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரலில் விடுதிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொது மருத்துவரிடம் போனேன். "கீழே அரிப்பு" என்று மேசையைப் பார்த்துச் சொன்னேன். அவரும் மேசையைப் பார்த்தபடியே எழுதினார். வெள்ளைப்படுதலுக்கான மாத்திரை. அவர் பார்க்கட்டுமா என்று கேட்கவில்லை, நானும் பாருங்கள் என்று சொல்லவில்லை. இரண்டு பேர் கூச்சத்துக்கு நடுவில் என் தோல் மாட்டிக்கொண்டது. துணிதான் சரியில்லையோ என்று லேஸ் வைத்த உயர்ரகம் வாங்கியது அதற்குப் பிறகு. விலை அதிகமென்றால் தரமும் அதிகம் என்று நம்பும் கூட்டத்தில் நானும் ஒருத்தி. அந்த லேஸ் முழுக்க நைலான், வியர்வையை உறிஞ்சாமல் தோலோடு ஒட்டவைத்தது. மே மாத வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தது தனிக்கதை. அதன் எரிச்சல் தாங்காமல்தான், இயற்கையானது, கிருமியை அண்டவிடாதது என்ற விளம்பரத்தை நம்பி மூங்கில் நார் செட்டுக்குப் பணம் கட்டினேன்.

ஜூலையில் ஒருநாள் அலுவலகத்தில் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. தோல் வெடித்துத் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கழிப்பறையில் போய் அழுதுவிட்டு, அங்கேயே நின்றுகொண்டு ஒரு தோல் மருத்துவருக்குத் தொலைபேசியில் நேரம் கேட்டேன். பெண் மருத்துவர்தானே என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். அவர் முதலில் பார்த்தது தொடையை அல்ல. "செருப்பைக் கழற்றுங்கள், விரல்களை விரியுங்கள்" என்றார். ஏழு மாதமாகக் கிடந்த சேற்றுப்புண்ணைப் பார்த்துவிட்டு, "ஊற்று இங்கே இருக்கிறது" என்றார். குளித்துவிட்டு அதே துண்டால் காலையும் துடைத்து இடுக்கையும் துடைப்பீர்களா? ஆமாம். ஜட்டி போடும்போது முதலில் கால் விரல்தானே துணிக்குள் நுழைகிறது? ஆமாம். இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. பாதத்தில் பூஞ்சை இருப்பவர்கள் முதலில் சாக்ஸை மாட்டிக்கொண்டு, பிறகுதான் உள்ளாடை போட வேண்டுமாம். நான் செருப்புக்காரி, ஆனால் நாள் முழுக்க ஷூ போடும் என் தம்பிக்கு அன்று இரவே போன் செய்து சொன்னேன். பைத்தியமா உனக்கு என்று கேட்டான். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எப்படித் தெரியும்?" என்றான்.

தொடையைப் பார்த்ததும் மருத்துவரின் முகம் மாறியது. மழுங்கிய கத்தியால் ஓரத்தில் லேசாகச் சுரண்டி, உதிர்ந்த பொடியைக் கண்ணாடித் துண்டில் போட்டு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் கழித்து நுண்ணோக்கியில் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். மங்கலான செதில்களுக்கு நடுவே, இழை பிரிந்த தையல்நூல் போல, கிளைவிட்ட மெல்லிய கோடுகள். ஏழு மாதம் என்னைத் தூங்கவிடாதது அவ்வளவுதான். இந்தப் பரிசோதனைக்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் வாரமே செய்திருந்தால் ஒரே ஒரு பூஞ்சைக் களிம்போடு சில வாரங்களில் முடிந்திருக்கும் என்றார். இப்போது இரண்டு மாத வைத்தியம். தொடையின் உள்பக்கம் ஓடிய சிவந்த கோடுகளைக் காட்டி, இவை பூஞ்சையால் வந்தவை இல்லை, ஸ்டீராய்டு தோலை மெலிய வைத்ததால் வந்தவை, நிறம் மங்கும், ஆனால் கோடு முழுக்கப் போகாது என்றார். அதைக் கேட்டபோது வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

மாத்திரையைப் பற்றி அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், இது என் உடம்புக்குச் சொன்னது என்ற எச்சரிக்கையோடு. இட்ராகொனசோல் மாத்திரையை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் விழுங்க வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஏதாவது போடுகிறீர்களா என்று கேட்டார். போட்டுக்கொண்டுதான் இருந்தேன். வயிற்றின் அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு சேர்ந்தால் இது சரியாக உடம்பில் சேராதாம். கர்ப்பம் உண்டா என்று கேட்டு, கல்லீரலுக்கு ரத்தப் பரிசோதனையும் எழுதினார். பூஞ்சைக் களிம்பை வட்டத்துக்குள் மட்டும் பூசாமல் ஓரத்துக்கு வெளியே இரண்டு செ.மீ. தாண்டிப் பூச வேண்டும். மிக முக்கியமாக, அரிப்பு நின்றவுடன் நிறுத்தக்கூடாது. மூன்றாம் வாரத்திலேயே எனக்கு அரிப்பு போய்விட்டது. பழைய நான் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். அம்மாச்சி ஊரிலிருந்து சீமை அகத்தி இலையை அரைத்துப் போடச் சொன்னாள். பரம்பரையாகப் படைக்குப் போடும் இலை, அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மெலிந்து வெடித்த தோலில் இப்போது எதையும் அரைத்துப் பூசாதே என்று மருத்துவர் தடுத்துவிட்டார்.

மருந்து ஒரு பக்கம் இருக்க, துணியைச் சரிசெய்யாவிட்டால் அதே பூஞ்சை மறுபடி ஏறும். தோலிலிருந்து உதிரும் செதிலில் அது துணியிலும் துண்டிலும் நெடுநாள் கிடக்குமாம். விடுதியின் பொதுச் சலவை இயந்திரம் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் சுற்றும். அதில் பூஞ்சை சாகாது, அடுத்தவர் துணிக்கு வேண்டுமானால் குடியேறும். 60 டிகிரி சூட்டில் துவைப்பதுதான் நிச்சயமான வழி. நான் தனி வாளி வாங்கி, கெட்டிலில் கொதித்த தண்ணீரை ஊற்றி, சோப்புத்தூள் போட்டு, உள்ளாடைகளை உள்பக்கம் வெளியே வருமாறு திருப்பி ஊறவைத்தேன். எலாஸ்டிக் சீக்கிரம் தளர்ந்துவிடும்தான், அந்த இரண்டு மாதம் அதைப் பார்க்கக்கூடாது. மூன்று முறை அலச வேண்டும். நுரை போகாமல் காயும் சோப்பே தனியாக அரிப்பைக் கொண்டுவரும். வாசனைக்காக ஊற்றும் மென்மையூட்டியை அடியோடு நிறுத்தினேன். காய்ந்த பின் தையல் ஓரங்களில் இஸ்திரி. கால் துடைக்க ஒரு துண்டு, மேலுக்கு ஒரு துண்டு, நிறம் வேறு. அலுவலகத்திலிருந்து வந்தவுடன் மாற்றிவிடுவது, இரவில் உள்ளாடையே இல்லாமல் தளர்ந்த பருத்திப் பாவாடையோடு தூங்குவது. கடைசிப் பழக்கம் வர எனக்கு இரண்டு வாரம் ஆனது. என்னவோ கதவைத் திறந்துவைத்துத் தூங்குவது மாதிரி இருந்தது.

வெயிலுக்காக வார்டன் அக்காவிடம் சண்டை போட வேண்டியிருந்தது. மருத்துவர் எழுதிய சீட்டையே காட்டினேன். "அது எப்படிம்மா, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார். பார்க்கிறவர்களுக்கு அரிக்கவில்லை அக்கா, எனக்குத்தான் அரிக்கிறது என்றேன். அவ்வளவு பேசிவிட்டு அறைக்கு வந்து படபடப்பில் தண்ணீர் குடித்தேன். கடைசியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பக்கத்துக் கட்டடத்துக்குத் தெரியாத மூலையில் ஒரு கொடி கட்ட அனுமதி கிடைத்தது. வெயில் மட்டுமே எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் எலாஸ்டிக் பட்டைவரை மொரமொரவென்று காய்ந்த ஒரு ஜட்டியை நான் கையில் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. அதற்கு வாசனையே இல்லை. ஒரு மாதத்தில் அந்தக் கொடியில் எனக்கு இடம் கிடைக்கவில்லை, இன்னொரு கயிறு கட்ட வேண்டியதாயிற்று.

இனி எதை வாங்குவது என்ற கேள்வியோடு ஆகஸ்டில் திருப்பூர் சித்தி வீட்டுக்குப் போனேன். சித்தி பனியன் கம்பெனியில் 20 வருடமாகச் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். துணியைத் தொட்டதும் சொல்லிவிடுவாள். என் பையைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றிலிருந்தும் கத்தரிக்கோலால் இரண்டு இழை வெட்டி எடுத்து, வாசற்படியில் உட்கார்ந்து தீக்குச்சியைக் கிழித்தாள். லேஸ் இழை சுருண்டு உருகி, கறுப்பு மணியாகக் கெட்டியானது, பிளாஸ்டிக் நாற்றம். பழைய பருத்தி இழை காகிதம் போல எரிந்து, தொட்டதும் உதிரும் சாம்பலானது. மூங்கிலும் காகிதம் போலத்தான் எரிந்தது. நான் சந்தோஷப்பட்டேன். "மூங்கிலாவது மண்ணாங்கட்டியாவது கண்ணு, இது விஸ்கோஸ்" என்றாள் சித்தி. மரமோ மூங்கிலோ எதுவானாலும் கூழாக்கி, ரசாயனத்தில் கரைத்து, நூலாக இழுத்தால் வருவது ரேயான்தான், விஸ்கோஸ் அதில் ஒரு வகை, பருத்தி போலவே எரியும் என்றாள். தோலுக்கு அது கெடுதல் இல்லை, வியர்வையையும் உறிஞ்சும், ஆனால் ஈரத்தில் வலுவிழந்துவிடும், என் மூங்கில் மூன்றே மாதத்தில் நைந்ததற்குக் காரணம் அதுதான். ரேயானை மூங்கில் என்று விற்றதற்காக அமெரிக்காவில் 2022-இல் இரண்டு பெரிய கடை நிறுவனங்கள் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட வேண்டிவந்தது. எனக்கு யாரும் 1,899 ரூபாயைத் திருப்பித் தரவில்லை.

சித்தியின் சட்டங்கள் எளிமையானவை. முழுப் பருத்தி அல்லது 95 சதவீதம் பருத்தியும் மீதி இழுவைநூலும். மேலே எந்தத் துணி இருந்தாலும் நடுவில் வரும் இரட்டைத் துணியின் உள்பக்கம் பருத்தியாக இருக்க வேண்டும். சிலர் அங்கேதான் மிச்சம் பிடிப்பார்கள், கடையில் திருப்பிப் பாருங்கள். எலாஸ்டிக் தோலில் நேராகப் படாமல் துணிக்குள் மூடித் தைத்திருந்தால் நல்லது, ரப்பர் ஒவ்வாத தோல் பல பேருக்கு உண்டு. இடுப்பில் இரண்டு விரல் சுலபமாக நுழைய வேண்டும், கழற்றிய பின் பள்ளம் தெரிந்தால் அளவு தப்பு. என்னைப் போல் தொடை உரசுகிறவர்கள் இடுக்கில் தையல் வரும் வகையை விட்டுவிட்டுத் தொடைவரை இறங்கும் வகையைப் போட்டால் தோலும் தோலும் தொடாது. காதர்பேட்டையில் அப்படி எட்டு வாங்கினோம். மார்புக்குக் கீழே வியர்க்கிறவர்களுக்கு பிராவிலும் இதே கதைதான், அதை விரிக்கவில்லை.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று சீட்டு ஒட்டி வருவதைப் பற்றியும் சித்தியிடம் கேட்டேன். இயற்கை வேளாண் நார்த் துணிக்குத் தரும் ஜி.ஓ.டி.எஸ். முத்திரையில் 'ஆர்கானிக்' என்று மட்டும் போட வேண்டுமானால் 95 சதவீதம் இயற்கை வேளாண் நார் இருக்க வேண்டும், 70 சதவீதத்துக்கு வேறு சொல் போட வேண்டும். ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை முடிந்த துணியில் தீங்கான ரசாயனம் இருக்கிறதா என்ற சோதனை, இயற்கை வேளாண்மைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இதைச் சொல்லிவிட்டுச் சித்தி நொய்யலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். சாயக்கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த வயல்களைக் கெடுத்தது. கழிவுநீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011-இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த வருடம் சித்திக்கு வேலை இல்லாமல் போனது. ஆறு செத்ததும் கஷ்டம், பட்டறை மூடியதும் கஷ்டம் என்று அவள் சொன்னபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பருத்தி என்ற ஒரே காரணத்துக்காக எதுவும் பசுமையாகிவிடாது என்பது மட்டும் புரிந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லா உள்ளாடையையும் தூக்கிப் போட வேண்டும் என்று சில இடங்களில் படித்தேன். துணி விற்கிறவர் யாரோ சொன்னது போலத்தான் எனக்குப் படுகிறது. எலாஸ்டிக் தளரும்வரை, துணி மெலிந்து கை தெரியும்வரை போடுகிறேன். வெளிர் நிறம்தான் வாங்குகிறேன், சாயமும் குறைவு, கசிவில் மாற்றம் வந்தால் கண்ணுக்கும் தெரியும். நைந்த பருத்தி ஜட்டியின் எலாஸ்டிக்கை வெட்டிவிட்டு வண்டி துடைக்க வைத்துக்கொள்ளலாம். அந்த லேஸை எதற்கும் வைத்துக்கொள்ள முடியவில்லை.

செப்டம்பர் கடைசியில் மருத்துவர் மறுபடி சுரண்டிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். 2025 பொங்கலுக்கு ஸ்ரீவைகுண்டம் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். புறவாசலில் அதே கொடி, அதே துண்டு, அதன் அடியில் அம்மாவின் துணிகள். எடுத்துக்கொண்டுபோய் முருங்கைமரத்துக்கு அப்பால் வெயில் விழும் சுவரோரம் போட்டேன். அம்மா வந்து பழையபடி துண்டுக்குள் திணித்தாள். மதியம் நான் மறுபடி மாற்றினேன். "ஏட்டி, உன் அப்பா வருகிற நேரம்" என்றாள். அப்பா பார்க்காததா என்று கேட்டதற்கு முதுகில் ஒரு அடி விழுந்தது. அவள் புடவையைச் சரிசெய்தபோது பாவாடை நாடா இறுக்கிய இடத்தில் இடுப்பைச் சுற்றி ஒரு கறுத்த, சொரசொரப்பான தடம் தெரிந்தது. நாடா அழுத்திய இடத்தில் நெடுநாள் ஆறாத புண் புற்றாக மாறிய இரண்டு பெண்களைப் பற்றி 2024-இல் ஒரு மருத்துவ இதழில் வந்திருந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. அவளைப் பயமுறுத்த மனமில்லை. நாடாவைக் கொஞ்சம் அகலமாகத் தைத்து, தளர்த்திக் கட்டு என்று மட்டும் சொல்லிவிட்டு, என் ஏழு மாதக் கதையை முதல் தடவையாக அவளிடம் முழுக்கச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

இரவு சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவும்போது, குழாய்ச் சத்தத்துக்கு நடுவே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த டாக்டர் பொம்பளை டாக்டர்தானே?"

ஆமாம் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், தையல் பெட்டியின் அடியிலிருந்து எதையோ எடுத்துவந்து என் கையில் வைத்தாள். பாதி பிதுக்கிய டியூப். என் டப்பாவில் இருக்கும் அதே பெயர், அதே பச்சை மூடி. 2023 டிசம்பரில் எங்களுக்கு இரண்டு வாரம் கழித்துத் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தபோது அம்மாவும் தண்ணீரில்தான் நின்றிருக்கிறாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "வெள்ளம் வந்ததிலிருந்து" என்றாள். காலைக் காட்டு என்றேன். விரல்களை விரித்துக் காட்டினாள்.